விட்ட இடத்தில் தொடரும் தையல்

அடுப்பில் உலை கொதிக்கிறது. அரிசியைப் போட்டாயிற்று, வேகச் சிறிது நேரம் ஆகும். குழந்தை தூளியில் உறங்குகிறது. அது எப்போது விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாசலில் எந்த நேரமும் யாராவது கூப்பிடலாம். இந்த இடைவேளையில் ஒருவர் என்ன பொழுதுபோக்கை மேற்கொள்ள முடியும்?

மாணவ நண்பர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். வண்ணம் தீட்டலாம் என்றால் எழுந்து போய் வருவதற்குள் தூரிகை காய்ந்துவிடும். சதுரங்கம் ஆட எதிரே ஓர் ஆள் வேண்டும். கம்பளி பின்னலாம், ஆனால் பின்னிக்கொண்டிருக்கும் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழே உள்ள கண்ணிகளும் ஏணிப்படி போல வரிசையாக அவிழ்ந்துவிடும். வேலையை எந்த நொடியிலும் கீழே வைக்கலாம், வைத்தால் கெடக்கூடாது, எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட பொழுதுபோக்குகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது ஊசியும் நூலும் கொண்டு செய்யும் கைத்தையல்.

இந்த நிபந்தனைகளை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நம் நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரி 299 நிமிடம். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 299 நிமிடம் என்பது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அதுவும் ஒரே மூச்சில் வருவதில்லை. காலையில் கொஞ்சம், நண்பகலில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே மீதி நேரமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. துண்டு நேரத்தைக் கொண்டு ஒரு முழுப் பொருளை உண்டாக்குவது எப்படி? இது பொறியியல் கேள்வி. இதற்கு வங்காளத்துப் பெண்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள்.

கந்தையிலிருந்து கந்தா

வங்காளத்தில் பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்துத் தைத்த விரிப்புக்கும் போர்வைக்கும் 'கந்தா' என்று பெயர். நம் 'கந்தை' என்ற சொல்லுக்கு இது உறவு; இரண்டும் 'கந்தா' என்ற வடசொல்லிலிருந்து வந்தவை. நம் வீடுகளிலும் கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பது உண்டு அல்லவா? வங்காளத்தில் அது ஒரு கலையாகவே வளர்ந்தது. குளிருக்குப் போர்த்தும் கனமான கந்தா 'லேப்'. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் சிறிய கந்தா 'ஆர்ஷிலதா'.

செய்முறை எளிது. துணிகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து அடுக்குகிறார்கள். அடுக்குகள் நழுவாமலிருக்க முதலில் நீண்ட தையல்களாகப் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு அதனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தைக்கலாம். மரச்சட்டம் எதுவும் தேவையில்லை. நடுவில் பெரும்பாலும் தாமரை. நான்கு மூலைகளிலும் மரமோ இலையோ. இடையில் யானை, மீன், தேர், பல்லக்கு. பழைய நாட்களில் வண்ண நூலையும் கடையில் வாங்கவில்லை. கிழிந்த சேலையின் கரையிலிருந்தே சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவி எடுத்துக்கொண்டார்கள்.

துணியும் பழையது, நூலும் பழையது. இது ஏழ்மையின் அடையாளம் மட்டும்தானா? இல்லை. புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும்; இழைகள் விறைப்பாக இருக்கும். நூறு முறை துவைத்த துணியில் பசை போய், இழைகள் தளர்ந்து, மெத்தென்று ஆகிவிடுகின்றன. நீரையும் எளிதில் உறிஞ்சும். பிறந்த குழந்தையின் தோலுக்கு இதைவிட நல்ல துணி வேறில்லை. ஆனால் பழைய துணிக்கு வலு இல்லை; ஒற்றையாகப் போர்த்தினால் கிழியும். பல அடுக்குகளை நெருக்கமாகத் தைக்கும்போது ஓர் அடுக்கில் நைந்த இடத்தின் சுமையைத் தையல்கள் அடுத்த அடுக்குக்குக் கடத்துகின்றன. எல்லா அடுக்குகளும் ஒரே இடத்தில் நைந்திருப்பது அரிது.

நூலே கடிகாரம்

கந்தாவின் அடிப்படை, தையல்களிலெல்லாம் எளிய ஓட்டுத் தையல். ஊசி கீழே போகிறது, மேலே வருகிறது, மறுபடி கீழே போகிறது. 'நூலோட்டுவது' என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். குழந்தைக்கு 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள ஒரு விரிப்பு தைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 1 செ.மீ. இடைவெளி. ஒரு தையலும் அதை அடுத்த இடைவெளியும் சேர்ந்து 1 செ.மீ. அப்படியானால் 60 வரிசைகள். வரிசைக்கு 90 தையல்கள். மொத்தம் 5,400 தையல்கள். நிமிடத்துக்கு 10 தையல் என்று கொண்டால் 540 நிமிடம், அதாவது 9 மணி நேரம். நாளுக்கு 15 நிமிடம் கிடைத்தால் 36 நாட்களில் முடிந்துவிடும். பெரியவர்கள் போர்த்தும் 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலப் போர்வைக்கு 21,600 தையல்கள். அதே வேகத்தில் 144 நாட்கள். நல்ல கந்தாக்களில் வரிசைகள் இதைவிட நெருக்கமாக இருக்கும், சித்திரங்களும் உண்டு. ஆகவே ஒரு கந்தா ஆண்டுக்கணக்கில் மடியில் கிடந்ததில் வியப்பில்லை. பாட்டி தொடங்கிப் பேத்தி முடித்தவையும் உண்டு.

ஊசியில் எவ்வளவு நூல் கோப்பது? அனுபவமுள்ளவர்கள் ஒரு முழ நூலுக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ அரை மீட்டர் எடுப்பார்கள். புதிதாகத் தைப்பவர்கள் அடிக்கடி ஊசி கோப்பதற்குச் சோம்பி ஒரு மீட்டருக்கு மேல் எடுப்பார்கள். நானும் சிறுவயதில் அப்படித்தான் எடுத்தேன். இருபது தையலுக்குள் நூல் முறுக்கிக்கொண்டு சிக்கலாகி, கடைசியில் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதாயிற்று.

நீள நூல் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறதா? ஒரு தையலுக்கு 1 செ.மீ. நூல் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (துணியின் கனத்தைச் சேர்த்தால் சற்றுக் கூடும், கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுவோம்.) 50 செ.மீ. நூலில் முதல் தையலுக்கு 50 செ.மீ. நூல் முழுவதையும் துணி வழியே இழுக்க வேண்டும். அடுத்ததற்கு 49, அதற்கடுத்ததற்கு 48. இப்படியே 1 வரை கூட்டினால் 1,275 செ.மீ. அதாவது 12.75 மீட்டர். ஒரு மீட்டர் நூலுக்கு 100, 99, 98 என்று கூட்டிப் பாருங்கள்: 5,050 செ.மீ., அதாவது 50.5 மீட்டர்!

இரண்டு அரை மீட்டர் நூல்களால் 100 தையல் போட்டால் நூலை இழுக்கும் தூரம் 25.5 மீட்டர். ஒரே மீட்டர் நூலால் அதே 100 தையலைப் போட்டால் 50.5 மீட்டர். ஒருமுறை ஊசி கோப்பதை மிச்சம் பிடிக்கப் போய் உழைப்பு இரு மடங்காகிறது. நீளம் இரட்டித்தால் இழுக்கும் தூரம் நான்கு மடங்காகிறது. நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடுகிறது. கைதேர்ந்தவர்கள் மூன்று நான்கு தையல்களை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார்கள். கை நகரும் தூரம் அதனால் குறையும். ஆனால் நூல் ஒவ்வொரு துளையிலும் உராய்வது குறையாது. ஊசிக்கு அருகிலுள்ள நூற்பகுதி எல்லாத் துளைகளிலும் நுழைந்து வர வேண்டும். அரை மீட்டர் நூலில் 100 துளை; ஒரு மீட்டரில் 200 துளை. அதனால்தான் நீள நூலின் கடைசிப் பகுதி பஞ்சு பறந்து நைந்து போகிறது.

அரை மீட்டர் நூல் என்பது 50 தையல். நிமிடத்துக்குப் பத்து வீதம் 5 நிமிட வேலை. நூல் தீர்ந்ததா? எழுந்து சோற்றைக் கிளறிவிட்டு வரலாம். குட்டை நூல் துண்டு நேரத்துக்கு அப்படியே பொருந்திவிடுகிறது.

ஊசியைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதால் நூலின் முறுக்கு கூடும் அல்லது குறையும். சிக்கலுக்கு அதுவே காரணம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அது பம்பரம் போலச் சுழன்று முறுக்கைத் தானே சரிசெய்துகொள்ளும்.

யார் பிடித்துக்கொள்கிறார்கள்?

பாதியில் விட்ட ஓட்டுத் தையல் ஏன் அவிழ்வதில்லை? நுனியில் முடிச்சுக் கூட இல்லையே!

கிணற்றடியில் இதற்கு விடை உண்டு. கனமான வாளி தொங்கும் கயிற்றை நேராகக் கையில் பிடித்தால் கை வலிக்கும். அதையே ஒரு கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் ஒரு விரலால் நிறுத்திவிடலாம். கயிறு கம்பத்தில் உராய்கிறது. ஒவ்வொரு சுற்றும் இழுவிசையை ஒரு குறிப்பிட்ட பங்காகக் குறைக்கிறது. சுற்றுகள் கூடும்போது பிடிப்பு கூட்டல் முறையில் அன்றிப் பெருக்கல் முறையில் வளர்கிறது. இதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர் (1707–1783).

துணிக்குள் நுழைந்து வளைந்து வெளிவரும் நூலும் அப்படித்தான். ஒவ்வொரு வளைவும் ஒரு சிறு கம்பம். துணியின் இழைகளும் நூலை நெருக்கிப் பிடிக்கின்றன. ஒரு தையலைத் தாண்டும்போது இழுவிசை பாதியாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் கால் பங்கு, மூன்றாவதில் அரைக்கால் பங்கு. பத்தாவது தையலில் 1,024-இல் ஒரு பங்கு! ஒரு கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டு இழுத்தாலும் பத்துத் தையலுக்கு அப்பால் ஒரு கிராம் எடையின் இழுப்புக்கும் குறைவாகவே எட்டும். குழந்தை அழுதவுடன் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து போகிறவருக்காக உராய்வு வேலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு பழைய துணியில் முடிச்சில்லாமல் மூன்று தையல் போட்டு நூலை இழுத்துப் பாருங்கள்; உருவிக்கொண்டு வரும். பன்னிரண்டு தையல் போட்டு இழுங்கள். துணி சுருங்குமே தவிர நூல் எளிதில் வராது.

போன வழியே திரும்பி

முடிச்சே வேண்டாம் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்ட பூவேலை ஒன்று நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இருக்கிறது. தார்வார்ப் பகுதியின் 'கசூதி' அது. இல்கல் சேலைகளில் கோபுரம், தேர், யானை, விளக்கு ஆகியவற்றை நேர்கோடுகளாலேயே வரைந்தது போலத் தைப்பார்கள். துணியில் முன்கூட்டிக் கோலம் வரைவதில்லை. பாவு இழையையும் ஊடை இழையையும் கண்ணால் எண்ணியே தைக்கிறார்கள். கசூதியில் 'கவந்தி' என்ற தையல் உண்டு. அதில் துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்!

ஓட்டுத் தையலில் ஒரு கோடு மேலே தெரிந்தால் அடுத்த கோடு கீழே தெரியும். கோட்டின் முடிவு வரை போய், அதே வழியே திரும்பி வந்தால் விட்ட இடைவெளிகளெல்லாம் நிரம்பிவிடும். இருபுறமும் முழுக்கோடு. நேர்கோட்டுக்கு இது சரி. கிளைகள் உள்ள ஒரு மரத்தைத் தைத்தால்? நடுவில் ஒரு கிளைக்குள் போய்த் திரும்பும்போது மேல், கீழ் என்ற முறை குழம்பிவிடாதா?

குழம்பாது. கிளையில் 3 கோடுகள் இருந்தால் போக 3, வர 3, ஆக 6. கோடுகள் 5 ஆனால் 10. போய்வரும் தையல்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். இரட்டைப்படை எண்ணிக்கை மேல், கீழ் வரிசையைக் கலைப்பதில்லை. ஆகவே தண்டுக்குத் திரும்பும்போது கிளைக்குள் போகாததுபோலவே தொடரலாம். துண்டுபடாமல் இணைந்த எந்தச் சித்திரத்தையும் நூலை அறுக்காமல் ஒரே ஓட்டத்தில் இருபுறமும் தைத்துவிடலாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. புள்ளிக் கோலத்தைக் கையெடுக்காமல் போடும் உங்களுக்கு இது புதிதல்ல. பாலங்கள் எல்லாவற்றையும் ஒரே ஒருமுறை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா என்ற கோனிக்ஸ்பர்க் நகரத்துப் புதிரை 1736-இல் தீர்த்தவரும் அதே ஆய்லர்தான்.

உங்களுக்கு ஒரு புதிர். ஒரு பக்கத்துக்கு ஒரு தையல் வீதம் ஒரு முக்கோணம் தையுங்கள். திரும்பாமல் ஒரே திசையில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இருபுறமும் முழு முக்கோணம் கிடைக்கும். சதுரத்தை அதே போல் இரண்டு சுற்றுச் சுற்றினால் கிடைக்காது. நாலு முனையும் முடிந்தபின் வந்த வழியே திரும்ப வேண்டும். ஏன் என்று பென்சிலை வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

போர்வையா, காற்றா?

மீண்டும் கந்தாவுக்கு வருவோம். கொல்கத்தாவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். அப்போது நைந்த சேலைகள் நாலைந்து சேர்ந்து எப்படிக் கதகதப்பைத் தருகின்றன?

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதுவும் துணி செய்யும் வேலையைவிட இடையில் அகப்பட்ட காற்று செய்யும் வேலையே பெரிது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். நீர் அதைவிட ஏறத்தாழ 24 மடங்கு விரைவாகக் கடத்தும். ஈரப் போர்வை குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் காற்று அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்துவது அடுக்குகளும் தையலும். அடுக்குகளுக்கு இடையே காற்று சின்னஞ்சிறு அறைகளில் அகப்பட்டு நகர முடியாமல் நிற்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தையல் விழும் இடத்தில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. தையல் கூடினால் வலு கூடும், கதகதப்பு குறைய வேண்டும். கந்தாவை விரலால் தடவிப் பாருங்கள். நீர்ப்பரப்பு போல அலை அலையாக இருக்கும். நூலைச் சற்று இழுத்துத் தைப்பதால் துணி சுருங்கி, வரிசைகளுக்கு இடையே மேடாக எழும்புகிறது. அந்த மேடுகளில் காற்று தங்குகிறது. அழகுக்காக ஏற்பட்டதாகத் தோன்றும் அலை, இழந்த கதகதப்பில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சம அளவு வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நாலு அடுக்குத் துணியைத் தளர்வாகவும், மற்றதில் அதே நாலு அடுக்கை நூலால் இறுக்கமாகவும் சுற்றுங்கள். மேலே தட்டால் மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலைமானியில் அளந்து வரைபடத் தாளில் குறியுங்கள். எது முதலில் ஆறும் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தாக்களைத் தேடித் தேடிச் சேகரித்தவர்களில் முக்கியமானவர் குருசதய் தத் (1882–1941). அவர் சேர்த்தவை கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றுள் மானதாசுந்தரி என்பவர் தம் தந்தைக்காகத் தைத்த ஒன்று புகழ்பெற்றது. தாமே தைத்ததை அவர் எழுத்தாகவும் தைத்து வைத்திருக்கிறார். பெரும்பாலான கந்தாக்களில் பெயர் இல்லை. வீட்டில் யாரோ போர்த்திக்கொண்டார்கள். நைந்தபின் அதுவே அடுத்த கந்தாவின் உள் அடுக்காகியிருக்கும்.

நீங்களும் ஒன்று தைத்துப் பார்க்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஊசி ஆள் பார்த்துக் குத்துவதில்லை. 30 செ.மீ. சதுரமாக மூன்று அடுக்குப் பழைய பருத்தித் துணி போதும். அலமாரியில் பழையதாகத் தெரிவதெல்லாம் பழையதல்ல. வீட்டில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். 30 வரிசை, வரிசைக்கு 30 தையல், மொத்தம் 900 தையல். 18 அரை மீட்டர் நூல். வீட்டில் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு ஆறு நூல். துணியை எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் ஊசி குத்தியபடியே வைத்துவிடுங்கள். யாருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறதோ அவர் எடுத்து ஒரு நூல் தைத்துவிட்டு வைக்கட்டும். முடிந்தபின் எந்த வரிசை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருவர் போடும் தையல் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.